பரிசோதனையில் எல்லாம் சரி, ஆனாலும் வயிறு வலிக்கிறதே?

கேள்வி: மகளுக்கு 8 வயது. நான்கு மாதமாகத் தொப்புளைச் சுற்றி வலி என்கிறாள். பள்ளிக்குக் கிளம்பும்போது அதிகம். ரத்தம், சிறுநீர், மலம் எல்லாம் சரி. ஸ்கேனில் மட்டும் சின்ன நெறிக்கட்டிகள் இருப்பதாகச் சொன்னார்கள். பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. மருந்தில்லாத வழி உண்டா? அல்லது நடிக்கிறாளா?

பதில்: நடிக்கவில்லை, அம்மா. வலி உண்மை. "உனக்கு வலிக்குதுன்னு எனக்குத் தெரியும்" என்று ஒருமுறை அவளிடம் சொல்லிவிடுங்கள். பாதி பயம் போய்விடும்.

குடலுக்கென்று தனி நரம்பு வலை உண்டு. அது எந்நேரமும் மூளையோடு தொடர்பில் இருக்கிறது. சில பிள்ளைகளுக்கு அந்த நரம்புகள் கூச்சம் மிகுந்தவை. மற்றவர்களுக்குத் தெரியாமலே போகும் வாயுவும் குடல் அசைவும் இவர்களுக்கு வலியாகிவிடும். பரீட்சையன்று நமக்கு வயிற்றைக் கலக்குவதும் இதே பாதையில்தான். அந்த நெறிக்கட்டிகள் நலமான பிள்ளைகளின் ஸ்கேனிலும் சாதாரணமாகத் தெரிபவை. 1958இல் பிரிட்டனில் குழந்தை மருத்துவர் ஜான் ஆப்லி 1000 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, பத்தில் ஒருவருக்கு அடிக்கடி வயிற்றுவலி இருந்தது.

ஆனால் எடை குறைவது, மலத்தில் ரத்தம், பச்சையாக வாந்தி, தொடர் காய்ச்சல், வலது பக்கமே நிற்கும் வலி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இனி வீட்டில் மாற வேண்டியது. "இப்ப வலிக்குதா?" என்று கேட்பதை நிறுத்துங்கள். 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வயிறு முட்டத் தண்ணீர் குடித்த பிள்ளைகளிடம் பெற்றோர் வலியைப் பற்றியே பேசியபோது புலம்பல் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. பேச்சை வேறு பக்கம் திருப்பியபோது பாதியாகக் குறைந்தது. பேச்சை மாற்றினால் பிள்ளைக்குக் கெடுதலாகுமோ என்று பெற்றோர் தயங்கினார்கள். வலியுள்ள பிள்ளைகளோ அதுதான் உதவியது என்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது.

பள்ளிக்கு அனுப்புங்கள். வலித்தால் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வகுப்புக்குத் திரும்பட்டும் என்று ஆசிரியரிடம் பேசிவையுங்கள். வீட்டில் இருக்கும் நாளில் டிவி, போன் வேண்டாம். பள்ளியில் யாராவது மிரட்டுகிறார்களா என்று ஓய்வான வேளையில் விசாரியுங்கள். அப்புறம், பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் அடக்கிவைக்கிறாளா என்றும் கேளுங்கள். காலை உணவு முடிந்ததும் பத்து நிமிடம் அவசரமில்லாமல் கழிப்பறையில் உட்காரட்டும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு ஒரு முக்காலி போடுங்கள்.

இரவில் மல்லாந்து படுக்கச் சொல்லி, வயிற்றின்மேல் காகிதக் கப்பல் ஒன்றை வையுங்கள். மூச்சை இழுத்தால் கப்பல் ஏற வேண்டும், விட்டால் மெல்ல இறங்க வேண்டும். தினமும் ஐந்து நிமிடம். வலி வந்தபோதும் இதையே செய்யலாம்.

பால், கோதுமை என்று ஒவ்வொன்றாக நிறுத்தாதீர்கள்; வளரும் பிள்ளை. தொக்கம் எடுக்கக் கூட்டிப்போகவே வேண்டாம்.

காலண்டரில் வலித்த நாட்களைக் குறிக்காமல் பள்ளிக்குப் போன நாட்களைக் குறித்து வாருங்கள். ஆறு வாரத்தில் அவை கூடவில்லையென்றால், குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசகரைப் பாருங்கள். எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சு சிகிச்சையும், குடலை மையமாக வைத்துத் தரும் ஹிப்னோதெரபியும் (மனோவசிய சிகிச்சை) இந்த வலிக்கு நன்றாகக் கேட்கின்றன. போகும்போது அந்தக் காலண்டரையும் எடுத்துப் போங்கள்.