ஆங்கில விண்ணப்பத்தில் ‘ரெஸ்பெக்டிவ்லி’யை எங்கே போடுவது?

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வங்கிக்கோ தாலுகா ஆபீசுக்கோ ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதும்போது ‘ரெஸ்பெக்டிவ்லி’ என்று போட்டால் எடுப்பாக இருக்கிறதாம், ஆனால் சரியாகத்தான் போடுகிறோமா என்று சந்தேகமாம். மாதிரிக்கு இரண்டு வாக்கியம் கொடுத்திருக்கிறார். ஒன்று: ‘குறுவை அண்ட் சம்பா ஆர் கல்டிவேட்டட் இன் அவர் வில்லேஜ் ரெஸ்பெக்டிவ்லி.’ இன்னொன்று: ‘ஐ ரெஸ்பெக்டிவ்லி ரெக்வெஸ்ட் யூ டு சாங்ஷன் தி லோன்.’

இரண்டுமே தப்பு தம்பி. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான தப்பு.

நான் மன்னார்குடியில் வக்கீல் குமாஸ்தா. இந்தச் சொல் எங்கள் மேஜையில் தினமும் புழங்குகிறது. அதற்கு இருப்பது ஒரே வேலைதான். வாக்கியத்தில் இரண்டு வரிசை இருக்க வேண்டும். முதல் வரிசையில் முதலில் நிற்பதை இரண்டாம் வரிசையில் முதலில் நிற்பதோடும், அடுத்ததை அடுத்ததோடும் சேர்த்துப் படி என்று சொல்வதுதான் அந்த வேலை. தமிழில் ‘முறையே’ என்று எழுதுகிறோமே, அதேதான். உங்கள் முதல் வாக்கியத்தில் குறுவை, சம்பா என்று ஒரு வரிசை இருக்கிறது. அது எதோடு ஜோடி சேரும்? ஊர் ஒன்றுதானே! இரண்டாம் வரிசையே இல்லாததால் அந்தச் சொல் சும்மா நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் வாக்கியம் சரியாகிவிடும். இல்லை, போட்டே ஆக வேண்டும் என்றால் இப்படி எழுதுங்கள்: ‘குறுவை அண்ட் சம்பா ஆர் ஹார்வெஸ்டட் இன் செப்டம்பர் அண்ட் ஜனவரி, ரெஸ்பெக்டிவ்லி.’ இப்போது இரண்டு பயிர், இரண்டு மாதம். பொருந்துகிறது.

வரிசைகளில் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். குறுவை, தாளடி, சம்பா என்று மூன்றைச் சொல்லிவிட்டு மாதம் இரண்டு மட்டும் கொடுத்தால், படிக்கிற அதிகாரி எதை எதோடு சேர்ப்பார்? இரண்டுக்கும் விடை ஒன்றே என்றாலும் இந்தச் சொல் வேண்டாம். அங்கே ‘போத்’ போதும்.

எண்ணிக்கையை விட முக்கியம் வரிசை. காவிரி விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று கொடுத்த இறுதித் தீர்ப்பில் 740 டிஎம்சி தண்ணீரைப் பங்கிட்டது. அதில் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், புதுச்சேரிக்கு முறையே 419, 270, 30, 7 டிஎம்சி. மீதி 14 சுற்றுச்சூழலுக்கும் கடலில் கலப்பதற்கும். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் நம் பங்கிலிருந்து 14.75 டிஎம்சியை எடுத்துக் கர்நாடகத்துக்குக் கொடுத்தது. அதை ஆங்கிலத்தில், ‘தமிழ்நாடு அண்ட் கர்நாடகா காட் 404.25 அண்ட் 284.75 டிஎம்சி, ரெஸ்பெக்டிவ்லி’ என்று எழுதலாம். மாநிலங்களின் பெயரை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள். நமக்கு 284.75தான். அப்புறம் ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் மணலைத்தான் பார்க்க வேண்டும்!

நிலப் பத்திரத்தில் இதே சங்கதி பணமாகவே வந்து நிற்கும். எங்கள் பக்கம் ஊர்ப் பேச்சில் மா, குழி என்போம். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். பத்திரத்தில் செண்ட் போடுவார்கள். 100 குழி ஒரு மா, அது ஏறக்குறைய 33 செண்ட். ஒருவர் 2 மாவும் 1 மாவுமாக இரண்டு துண்டு விற்கிறார் என்று வையுங்கள். ஆங்கிலப் பத்திரத்தில், ‘சர்வே நம்பர்ஸ் 112/3 அண்ட் 112/4, மெஷரிங் 66 செண்ட்ஸ் அண்ட் 33 செண்ட்ஸ், ரெஸ்பெக்டிவ்லி’ என்று வரும். டைப் செய்பவர் நகல் பார்த்து அடிக்கும்போது சர்வே எண்களை முன்பின்னாக அடித்துவிட்டு அளவுகளை அப்படியே விட்டால் முடிந்தது. மொத்தம் 99 செண்ட், கூட்டல் சரியாக வரும், யார் கண்ணிலும் படாது. ஒரு துண்டை மட்டும் மகளுக்கு எழுதிக் கொடுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். பிறகு பிழைதிருத்தல் பத்திரம், விற்றவரைத் தேடி அலைச்சல். அதனால் சொத்து விபரத்தில் இந்தச் சொல்லே வேண்டாம் என்பேன். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனி வரி, அதே வரியில் அதன் அளவு. இடம் கொஞ்சம் கூடப் பிடிக்கும், பிடிக்கட்டும்.

எங்கே வைப்பது என்று கேட்டீர்களே, அங்கேதான் தமிழ்ப் பழக்கம் நம்மை இழுக்கும். ‘முறையே’ இரண்டாம் வரிசைக்கு முன்னால் வரும். ஆங்கிலத்தில் ‘ரெஸ்பெக்டிவ்லி’யைப் பெரும்பாலும் இரண்டாம் வரிசை முடிந்த பிறகு, ஒரு கமா போட்டு வைப்பார்கள். முன்னால் வைப்பதும் தப்பில்லை, பழைய சட்டப் புத்தகங்களில் பார்க்கலாம். ஆனால் விண்ணப்பத்துக்குக் கடைசியில் வைப்பதே வழக்கம். கமா இல்லாமலும் எழுதுகிறார்கள், அதற்காக யாரும் மனுவைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

(இடையில் ஒன்று. பள்ளியில் நிரல்நிறை அணி படித்தவர்களுக்கு இது புதிதே அல்ல. ‘அன்பும் அறனும்’ என்று தொடங்கி ‘பண்பும் பயனும்’ என்று முடிக்கும் குறளில் அன்புக்குப் பண்பு, அறத்துக்குப் பயன். ‘முறையே’ என்ற சொல் இல்லாமலே ஜோடி சேர்ந்துவிடுகிறது. தமிழாசிரியர் இதை நடத்தும்போது தூங்காமல் இருந்திருந்தால் ஆங்கில வாத்தியாருக்குப் பாதி வேலை மிச்சம்.)

இப்போது உங்கள் இரண்டாவது வாக்கியம். அங்கே நீங்கள் சொல்ல வந்தது பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன் என்பது. அதற்கு ‘ரெஸ்பெக்ட்ஃபுல்லி’. இரண்டும் ‘ரெஸ்பெக்ட்’ என்ற ஒரே வேரிலிருந்து வந்தவைதான். ஆனால் அந்த வேருக்கு மரியாதை என்றும் பொருள், ஒன்றைப் பொறுத்து என்றும் பொருள். ‘வித் ரெஸ்பெக்ட் டு’ என்று கடிதத்தில் எழுதுவது இரண்டாவது பொருளில். ‘ரெஸ்பெக்டிவ்லி’ அந்தக் கிளை. அதில் மரியாதை ஒரு துளியும் கிடையாது. எங்களிடம் வரும் மனுக்களில் ‘மோஸ்ட் ரெஸ்பெக்டிவ்லி சப்மிட்டட்’ என்று படித்தவர்களே எழுதிக்கொண்டு வருகிறார்கள். கணினியும் சிவப்புக் கோடு போடாது, எழுத்துப்பிழை இல்லையே!

‘ரெஸ்பெக்டிவ்’ மட்டும் தனியாக வந்தால் அவரவர், அதது என்று அர்த்தம். ‘தி ஃபார்மர்ஸ் வென்ட் டு தேர் ரெஸ்பெக்டிவ் வில்லேஜஸ்’, அதாவது அவரவர் ஊருக்குப் போனார்கள். இதற்கு வரிசைக் கணக்கு தேவையில்லை, பன்மை மட்டும் வேண்டும். முன்னால் ‘ஈச்’ இருந்தால் இதைச் சேர்க்காதீர்கள், சொன்னதையே சொன்னதாகிவிடும்.

ஆக, வங்கிக்குக் கொடுக்கிற தாளில் இப்படி எழுதுங்கள்: ‘மை ஃபாதர் அண்ட் ஐ கல்டிவேட் 66 அண்ட் 33 செண்ட்ஸ், ரெஸ்பெக்டிவ்லி. ஐ ரெஸ்பெக்ட்ஃபுல்லி ரெக்வெஸ்ட் யூ டு சாங்ஷன் தி லோன்.’ செண்ட் கணக்கை மட்டும் உங்கள் பட்டாவைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.