துருக்கியின் புர்சா நகரப் பெரிய பள்ளிவாசலான உலு ஜாமியில் ஏன் 20 குவிமாடங்கள்? ஹவுழ் என்னும் நீர்த்தொட்டி ஏன் பள்ளிவாசலுக்குள்ளேயே இருக்கிறது?

20 பள்ளிவாசல் கட்டுவதாக நேர்ந்துகொண்ட உஸ்மானிய சுல்தான் முதலாம் பாயசித், கடைசியில் 20 குவிமாடங்களோடு ஒன்றைக் கட்டி முடித்தார் என்பது ஊர்க்கதை. சுவையான கதைதான், ஆனால் நான் கட்டடத்தையே நம்புவேன். 1396-இல் நிகோபோலிஸ் போரில் வென்ற கையோடு தொடங்கி 1400 வாக்கில் முடித்தார்கள். பெரிய கூடத்தை ஒரே குவிமாடத்தால் மூடும் துணிவு உஸ்மானியக் கொத்தர்களுக்கு அப்போது வரவில்லை. 12 தடித்த தூண்களை நிறுத்தி, வரிசைக்கு ஐந்தாக நான்கு வரிசை சிறு குவிமாடங்களை ஏற்றினார்கள். பல தூண் மண்டபம் உஸ்மானியருக்கு முன் அங்கே ஆண்ட செல்ஜூக்கியர் வழி வந்த பழக்கம்.

ஹவுழுக்கு மேலிருக்கும் குவிமாடத்தின் உச்சி அன்று திறந்தே கிடந்தது. மழையும் வெயிலும் நேரே தொட்டியில் விழும். முற்றம் இல்லாத பள்ளிக்கு அதுதான் முற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று அங்கே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். பளிங்குத் தொட்டியில் நீர் சலசலக்க, ஒளு (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுவது) செய்துவிட்டு நாலு எட்டில் தொழுகை வரிசைக்குப் போய்விடலாம்.

1855 நிலநடுக்கத்தில் குவிமாடங்கள் பெரும்பாலும் இடிந்து, மறுபடி கட்டப்பட்டன. அக்ரூட் (வால்நட்) மர மிம்பரை, அதாவது இமாம் உரை நிகழ்த்தும் மேடையை, மட்டும் தவறவிடாதீர்கள்: சின்னச் சின்ன மரத்துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்த வேலை, 600 ஆண்டு பழசு.