பாம்பன் தங்கச்சிக்கு: கட்டியோட அளவை மட்டும் பார்க்காதீங்க

தங்கச்சி, கடல்பாசி எடுக்கிற அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய், 1.8 செ.மீ. கட்டி, அக்குள்ல இருக்கிற நெறிக்கு (நிணநீர்க் கணுவுக்கு) பரவலை, ஆனா டிரிபிள் நெகட்டிவ், அதாவது ஹார்மோன் மாத்திரைக்குக் கேட்காத வகை. பக்கத்து வீட்டக்கா 4 செ.மீ. கட்டி வந்தும் ஹார்மோன் மாத்திரையில நல்லா இருக்காங்களேன்னு கேட்டிருக்கீங்க.

ரெண்டும் வேற வேற வகை. அக்காவோடது ஹார்மோனால வளர்ற வகை, அது பெரும்பாலும் மெதுவா வளரும், ஆனா 10 வருசம் கழிச்சும் திரும்பலாம். டிரிபிள் நெகட்டிவ் வேகமானது. அதான் சின்னக் கட்டிக்கும் கீமோ சொல்றாங்க. திரும்புற ஆபத்து முதல் 3 வருசத்துலதான் அதிகம், 5 தாண்டினா நல்லாவே குறையும். நெறி சுத்தமா இருக்கிறது அம்மாவுக்குப் பெரிய பலம்.

கீமோ முடியுறவரை கடல்ல இறங்க விடாதீங்க. எங்கம்மாவும் மண்டபத்துல பாசி எடுத்தவங்கதான். கீமோவால வெள்ளை அணு குறைஞ்சு நோய் எதிர்ப்பு இறங்கின நேரம், விரல்ல பாறை கிழிச்ச கீறலே காய்ச்சலாகி ஆஸ்பத்திரியில சேர்த்தோம்.