ஆறு வயசுக்கு 'பீட்சா' போதும்

கேள்வி: போன சீசனில் உத்தராகண்டின் ஔலியில் என் ஆறு வயது மகளுக்கு ஸ்கீ (பனிச்சறுக்கு) கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு ஸ்கீயின் முன்முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, 'பீட்சா' போல வைத்தால் வேகம் குறையும் என்றார் பயிற்சியாளர். வெளிநாட்டில் ஸ்கீ பழகிய என் நாத்தனார் கணவரோ, "அது பழைய முறை, அப்புறம் விடவே விடாது, முதல் நாளிலேயே இரண்டு ஸ்கீயையும் இணையாக வைத்துப் பழக்கணும்" என்கிறார். இந்த ஜனவரியில் பத்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு காஷ்மீரில் குல்மார்க் போகிறோம். யார் பேச்சைக் கேட்பது? மகளை இடுப்பு வார் கட்டிப் பிடித்துக்கொள்ளலாமா?
– வாசகி, மயூர் விஹார், டில்லி

பதில்: உங்கள் நாத்தனார் கணவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பீட்சாவிலேயே மாட்டிக்கொண்ட பிள்ளைகளை நிறையப் பார்க்கலாம்: முழங்கால் உள்ளே மடங்கி, பின்புறம் கீழே தொங்க, எந்தச் சரிவானாலும் அதே கோலத்தில் இறங்கும். ஆனால் தப்பு பீட்சாமேல் இல்லை, சரிவுமேல். அந்தக் குழந்தையால் சமாளிக்க முடியாத இடத்துக்குச் சீக்கிரமே ஏற்றிவிட்டார்கள், பயத்தில் அது பின்னால் சாய்ந்து, கால்களை அகல விரித்து பிரேக் போட்டுக்கொண்டே வருகிறது, வேறென்ன செய்யும்?

சின்னப் பிள்ளைக்கு உடம்போடு பார்த்தால் தலை கனம், காலில் பலம் போதாது. அதனால் ஆறு வயசுக்கு விரித்த கால் நிதானமும் தருகிறது, பிரேக்காகவும் ஆகிறது. சின்ன பீட்சாவாக இருந்தால் சரி. நேரடியாக இணையாகப் பழக்குவதும் புதுசில்லை, குட்டை ஸ்கீயில் ஆரம்பித்துப் படிப்படியாக நீளம் கூட்டும் முறை 1960களிலேயே அமெரிக்காவில் பிரபலம். அதற்கு ரொம்ப லேசான சரிவும், பொறுமையான பயிற்சியாளரும் வேண்டும். உங்கள் பையன் காலனியில் இன்லைன் ஸ்கேட்டிங் பண்ணுகிறவன் என்றால் காலின் ஓரத்தில் எடை போடும் பழக்கம் ஏற்கெனவே இருக்கும், அவன் இணைக்குச் சீக்கிரமே போகலாம். ஆக, ஒரே வீட்டில் இரண்டு முறை, அதில் ஒன்றும் தப்பில்லை.

பயிற்சி சரியாகப் போகிறதா என்று தெரிய ஸ்கீயைப் பார்க்காதீர்கள், பூட்ஸைப் பாருங்கள். காலின் முன்னெலும்பு பூட்ஸின் நாக்கில் ஒட்டி அழுந்தியிருக்கணும். நடுவில் இடைவெளி தெரிந்தால் பிள்ளை பின்னால் சாய்கிறது, உடனே இன்னும் தட்டையான இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். மகள் கையில் ஊன்றிக்கொள்ளும் ஸ்கீ கம்பு இப்போதைக்கு வேண்டாம். கைகளை முழங்காலில் வைத்தபடி இறங்குவது, போகும்போதே சின்னதாய்க் குதிப்பது, இதெல்லாம் அவளுக்கு விளையாட்டு, எடையை முன்னால் கொண்டுவரும் பயிற்சியும் அதுதான்.

இடுப்பு வார் எனக்குப் பிடிக்காது. பிள்ளை அதில் நாற்காலி மாதிரி சாய்ந்துகொள்ளும், எடை பின்னால் போகும், பிரேக் போடுவது நீங்கள், அவள் இல்லை. ஸ்கீயின் முன்முனைகளைச் சேர்த்துக் கட்டும் ரப்பர், கால் ஓயாமல் விரிந்துகொண்டே போகும் பிள்ளைக்குக் கொஞ்ச நேரம் பரவாயில்லை, அப்புறம் கழற்றிவிடுங்கள்.

குல்மார்க்கில் கொண்டோலா (கேபிள் கார்) இருக்கிறதே என்று மேலே ஏற்றாதீர்கள். அதன் இரண்டாம் கட்டம் போய் நிற்கும் உயரம் சுமார் 3,950 மீட்டர், அது தேர்ந்தவர்களுக்கான மலை, பனிச்சரிவு அபாயமும் உண்டு. கீழேயே குழந்தைகளுக்கான மெல்லிய சரிவுகள் இருக்கின்றன. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஸ்கீ போட்டியில் இறங்கிய ஆரிஃப் கான் நாலு வயசிலேயே ஆரம்பித்தார் என்று யாராவது உசுப்பேற்றுவார்கள். அவர் அந்தப் பக்கத்துக்காரர், அப்பாவுக்கே ஸ்கீ கடை. டில்லிப் பிள்ளைக்கு வருஷத்தில் ஒரு வாரம் கிடைத்தால் பெரிசு.

கேள்வி: பூட்ஸ் வாங்கிவிடலாமா? வளர்ற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிசா எடுத்தால்?
– வாசகர், ஆர்.கே. புரம், டில்லி

பதில்: வேண்டாம், வாடகைக்கே எடுங்கள். பெரிய பூட்ஸில் கால் உள்ளே ஆடும், ஸ்கீ சொன்ன பேச்சைக் கேட்காது. சாக்ஸும் ஒன்றுதான், இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து கால் வலிக்கும். கடையில் எடை, உயரம், வயசு கேட்பார்கள்: விழும்போது ஸ்கீ எப்போது கழன்றுகொள்ள வேண்டும் என்பதை அதை வைத்துத்தான், பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பிடியில் அமைக்கிறார்கள். எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள், கிளம்புகிறதுக்கு முன்னால் வீட்டிலேயே ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.