அம்மா பிஎம்ஐ 27, புள்ள குள்ளம்: எந்தக் கணக்குல போடறது?

தம்பி, வியாசர்பாடில 60 வீடு அளந்துட்டு அம்மா வெயிட் கூட, புள்ள குள்ளம், ஆவரேஜ் போடலாமான்னு கேட்டிருந்தீங்க, ஐயோ வேணாம், ஒண்ண ஒண்ணு அடிச்சிட்டு எல்லாம் நார்மல்னு காட்டும். அம்மா பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடையான்னு காட்டற எண்) 25 இல்லன்னா அதுக்கு மேல, புள்ள உயரம் 2006 டபிள்யூஎச்ஓ வளர்ச்சி சார்ட்ல மைனஸ் 2 இசட் ஸ்கோருக்கு (அந்த வயசு சராசரிலேர்ந்து எவ்வளவு விலகியிருக்குன்னு சொல்ற அளவு) கீழ, ரெண்டும் ஒரே வீட்ல இருந்தா அந்த வீட்ட இரட்டைச் சுமைன்னு, அதாவது அதிக எடையும் ஊட்டக்குறைவும் சேர்ந்து இருக்கற வீடுன்னு எண்ணுங்க. அம்மா பிஎம்ஐக்கு ஆசியாக்காரங்களுக்குன்னு சொல்ற 23 கட்ஆஃப்லயும் தனியா ஒரு தடவ போடுங்க, நம்பர் எகிறும் பாருங்க. கர்ப்பிணிங்கள விட்ருங்க. ரெண்டு வயசுக்குள்ள இருக்கற புள்ளைய படுக்க வெச்சுதான் அளக்கணும், நான் காசிமேட்ல ஒரு தடவ அழுவுற புள்ளைய நிக்க வெச்சே அளந்துட்டேன், அதுக்கு 0.7 செ.மீ கூட்டணும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதே அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 12க்கு கீழ இருந்தா (ரத்தசோகை) அது தனிநபர் சுமை, அதாவது ஒரே ஆள்கிட்டயே ரெண்டும் இருக்கு, அத ஷீட்ல வேற கட்டத்துல எழுதுங்க.