தாலுகா வார இதழ் தாங்குமா?

கேள்வி: எங்கள் தாலுகாவுக்கென எட்டுப் பக்க டேப்லாய்டு (நாளிதழில் பாதி அளவு) வார இதழ் தொடங்கும் எண்ணம். 2,000 பிரதிகள். நாளிதழ்களே திணறும்போது இது தாங்குமா?
– ஒரு வாசகர், சங்கரன்கோவில்

பதில்: காகிதத்தைக் கண்டு மலைக்காதீர்கள். டேப்லாய்டு எட்டுப் பக்கம் என்பது ஒரே ஒரு பெரிய தாள். 45 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 45 கிராம்) நியூஸ்பிரிண்டில், அதாவது செய்தித்தாள் காகிதத்தில், பிரதிக்குச் சுமார் 17 கிராம், ஆக 2,000 பிரதிக்கு 34 கிலோ. கையைக் கடிப்பது பிளேட்தான், அதாவது பக்கங்களைப் பதித்து அச்சடிக்கும் தகடு. 500 அடித்தாலும் 5,000 அடித்தாலும் அந்தச் செலவு ஒன்றே. போதாததற்கு, வெப் ஆப்செட்டில் (காகித உருளையிலிருந்து ஓட்டும் அச்சு இயந்திரம்) நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை ஓடும் தாள்கள் அத்தனையும் கழிவு.

ஒரு வழி இருக்கிறது. தாளை மடிக்கும்போது 1, 8, 4, 5 ஆகிய பக்கங்கள் ஒரே புறத்தில் விழும். அந்தப் புறத்தை மட்டும் வண்ணத்தில் அடியுங்கள். மறுபுறம் கறுப்பு போதும். வண்ணப் புறத்துக்கு நான்கு, கறுப்புப் புறத்துக்கு ஒன்று என, எட்டு பிளேட்டுக்குப் பதில் ஐந்து. முகப்பும் நடுப்பக்கமும் பளிச்சென்று இருக்கும்.

இதழைப் பதிவு செய்வது இப்போது 2023ஆம் ஆண்டின் பத்திரிகை, பருவ இதழ்கள் பதிவுச் சட்டப்படி. 1867ஆம் ஆண்டின் பழைய சட்டம் போய்விட்டது. 2024 மார்ச் முதல் தலைப்பு, பதிவு இரண்டுக்கும் மத்திய அரசின் பிரஸ் சேவா தளத்தில் ஆன்லைனிலேயே விண்ணப்பம். குறைந்த கட்டணத்தில் இதழை அனுப்பும் அஞ்சல் சலுகைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு உண்மையான சந்தாதாரர் பட்டியல் கையில் இருக்கட்டும்.

இதழ்கள் மூழ்குவது பெரும்பாலும் வசூலில்தான். பொங்கல், தீபாவளி வாழ்த்து விளம்பரங்களைக் கடனுக்குப் போடாதீர்கள், குறிப்பாக அரசியல்வாதிகளுக்கு. கடைகளுக்கு மூன்று மாத விளம்பரத்தை முன்பணத்துடன் பேசுங்கள். ஏஜென்டிடம் போன வாரக் கணக்கு முடிந்த பிறகே இந்த வார இதழ்க் கட்டைக் கொடுங்கள்.