கருவி டெக்னீஷியனுக்குப் பதிவு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பயோமெடிக்கல் டிப்ளமோ முடித்து ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டர், மானிட்டர், இன்ஃபியூஷன் பம்ப் பார்க்கிறேன். இங்கிலாந்தில் வேலைக்குப் பதிவு கட்டாயமா?
– வாசகர், கோவை

பதில்: சட்டப்படி இல்லை. ரேடியோகிராஃபர், கிளினிக்கல் சயின்டிஸ்ட் என்ற பெயர்களோடு வேலை பார்க்க அங்கே ஹெச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில் கவுன்சிலின் பதிவு வேண்டும். கருவி டெக்னீஷியன் அந்தப் பட்டியலில் வரமாட்டார். அவருக்கென்று இருப்பது ஆர்.சி.டி. என்ற கிளினிக்கல் டெக்னாலஜிஸ்ட் பதிவேடு. ஐபெம் என்ற தொழில்முறை அமைப்பு நடத்துகிறது. 2015 முதல் பி.எஸ்.ஏ. என்ற மேற்பார்வை அமைப்பின் அங்கீகாரமும் உண்டு. சேருவது அவரவர் விருப்பம். ஆனால் என்.ஹெச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவையின் வேலை விளம்பரங்களில் 'பதிவு பெற்றவர் அல்லது பெறத் தகுதியுள்ளவர்' என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். ஆளைப் பொறுக்கும்போது அந்த வரிக்கு எடை உண்டு.

எந்தப் பிரிவில் விண்ணப்பிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். உங்கள் வேலைக்கு மெடிக்கல் இன்ஜினியரிங் பிரிவுதான் சரி. எப்போதாவது டயாலிசிஸ் மெஷினைத் திறந்து பார்த்திருப்பதை வைத்து ரீனல் (சிறுநீரக) பிரிவுக்குப் போக வேண்டாம். அது டயாலிசிஸ் மெஷினும் அதற்கான ஆர்.ஓ. தண்ணீர் சுத்திகரிப்பு பிளான்ட்டுமே முழுநேர வேலையாக இருப்பவர்களுக்கு.

கேள்வி: அங்கீகரித்த படிப்பு இல்லாதவர்கள் அனுபவத்தைக் காட்டியும் பதியலாமாமே. என்ன காட்டுவது?
– வாசகர், மதுரை

பதில்: ஆம், அதன் பெயர் ஈக்விவலன்ஸ் (சமநிலை) வழி. இதில் பலர் வழுக்குவது ஒரே இடத்தில்தான். 'ஐம்பது பம்ப் சரி செய்தேன்' என்று எழுதுகிறார்கள். அது சாட்சி ஆகாது. ஒரே ஒரு பம்ப்பை முழுசாக எழுதுங்கள், போதும்.

உதாரணமாக, மருந்து மெதுவாகப் போகிறது என்று வார்டிலிருந்து புகார். 25 மி.லி./மணி வைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டீர்கள்; அளவு ஜாடியில் 23.1 மி.லி. அதாவது 7.6 சதவீதம் குறைவு. அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் அனுமதிப்பது ±5 சதவீதம் என்றால், 23.75-க்குக் கீழே ஃபெயில். பம்ப்பைப் பிரிப்பதற்கு முன் ஐ.வி. செட்டைப் பார்த்தீர்களா? கம்பெனி சொல்லாத செட்டைப் போட்டிருந்தால் குழாயின் உள்விட்டம் வேறு, ஓட்டமும் வேறு. சரியான செட்டைப் போட்டு மறுபடி அளந்தது, அப்போதும் குறைந்ததால் மெக்கானிசத்தை மாற்றியது, மாற்றியபின் வந்த அளவு, வார்டுக்குச் சொன்ன விவரம் – இவ்வளவும் வரிசையாக இருக்க வேண்டும். கருவியின் அசெட் நம்பர் (அடையாள எண்) இருக்கட்டும். நோயாளி பெயர் ஒரு தாளிலும் இருக்கக்கூடாது.

கடைசியில் வருவது எலக்ட்ரிக்கல் சேஃப்டி டெஸ்ட். வெறும் 'பாஸ்' போதாது, எண் வேண்டும். மருத்துவக் கருவிச் சோதனைக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 62353 படி, பவர் கார்டோடு அளந்தால் எர்த் ரெசிஸ்டன்ஸ் 0.3 ஓமைத் தாண்டக்கூடாது. அது கிளாஸ் 1 கருவிக்கு, அதாவது பாதுகாப்பு எர்த் உள்ளதற்கு. கிளாஸ் 2 பம்ப்புக்குப் பாதுகாப்பு எர்த்தே கிடையாது, அதற்கும் 0.12 ஓம் என்று பழைய படிவத்தைப் பார்த்து எழுதி வைத்தால், அளக்காமல் எழுதியது விவரம் தெரிந்தவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். மற்ற பக்கங்களின் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

கேள்வி: பயோமெடிக்கல் டெக்னீஷியனுக்கான அமெரிக்காவின் சி.பி.இ.டி. சான்றிதழும் இங்கிலாந்துப் பதிவும் ஒன்றா?
– வாசகர், தோஹா

பதில்: வேறு. அது 'ஆமி' என்ற மருத்துவக் கருவித் துறை அமைப்பின் தேர்வு, உரிமம் அல்ல. கருவியைப் பழுது பார்ப்பவர்களுக்குக் கூடுதல் கட்டுப்பாடு வேண்டுமா என்று ஆராய்ந்த எஃப்.டி.ஏ. (அங்குள்ள மருந்து, கருவிக் கட்டுப்பாட்டுத் துறை), கையிலுள்ள ஆதாரம் அதற்குப் போதாது என்று 2018 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அதனால் அங்கும் சான்றிதழைக் கேட்பது சட்டம் அல்ல, ஆஸ்பத்திரிதான்.

இந்தத் தேர்வு எழுத, பயோமெடிக்கலில் இரண்டாண்டு அசோசியேட் பட்டம் இருந்தால் 2 ஆண்டு அனுபவம் வேண்டும், எலக்ட்ரானிக்ஸ் என்றால் 3, பட்டமே இல்லை என்றால் 4. தேர்வில் 165 கேள்வி, 3 மணி நேரம். ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான். சர்க்யூட்டில் கெட்டிக்காரர்கள் மார்க் இழப்பது உடலியலிலும் நெட்வொர்க்கிலும். இதயத்தின் எந்த வால்வு எங்கே, ஐ.பி. முகவரிக்கு சப்நெட் மாஸ்க் என்ன என்பதைப் படிக்காமல் போகாதீர்கள். சான்றிதழை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கலந்துகொண்ட பயிற்சிகளின் சான்றுகளை அன்றன்றே கோப்பில் போட்டுவையுங்கள்.

கேள்வி: சி.பி.இ.டி. கிடைத்தால் எக்ஸ்-ரே, சி.டி. மெஷினும் பார்க்கலாமா?
– அதே வாசகர்

பதில்: அதற்கு சி.ஆர்.இ.எஸ். என்று தனித் தேர்வு உண்டு. அதை எழுதினாலும் அந்த மாடலுக்கான கம்பெனி பயிற்சியும் சர்வீஸ் பாஸ்வேர்டும் இல்லாமல் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இந்தியாவில் இந்த வேலைக்கு இவை எதுவும் செல்லாது: எக்ஸ்-ரே சர்வீஸ் செய்யும் நிறுவனத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இருக்க வேண்டும், ட்யூபை ஆன் செய்து பார்ப்பவர் நெஞ்சில் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் இருக்க வேண்டும்.